ஆர்கானிக் காய்கறி: எப்போது கூடுதல் விலை கொடுக்கலாம்?

சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும் நாளில், மருந்துகளை எப்போது, எப்படித் தர வேண்டும் என்று விளக்கி முடித்த பிறகு, குடும்பத்தினர் சற்றுத் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் ஆர்கானிக் காய்கறிதான் வாங்க வேண்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் வீட்டில் சமைப்பவர், மனைவியாகவோ, தாயாகவோ, மருமகளாகவோ இருப்பார். அக்கேள்விக்குள் வெளியே சொல்லப்படாத இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். இத்தனை நாள் நாம் சமைத்துப் போட்டதுதான் இந்த நோய்க்குக் காரணமோ என்பதே அது.

அந்த இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுவது நல்லது. ஒரு தனி மனிதருக்கு வந்த புற்றுநோயையோ சிறுநீரகக் கோளாறையோ சந்தையில் வாங்கிய கத்தரிக்காயின் தலையில் சுமத்துவதற்கு எந்த மருத்துவரிடமும் ஆதாரம் இல்லை. வயது, மரபு, புகையிலை, மது, கட்டுப்படாத சர்க்கரை, இரத்த அழுத்தம், சில கிருமித் தொற்றுகள் எனப் பலவும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே நோய் உருவாகிறது. சமைத்தவர் குற்றவாளி அல்லர். அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, முதற்கேள்வியைக் கணக்குப் பார்க்கும் மனத்தோடு அணுகலாம்.

மாதம் 3,000 ரூபாயைக் காய்கறிக்கும் பழத்துக்கும் செலவிடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஆர்கானிக்குக்கு மாற்றினால் அதே கூடைக்கு 4,500 ரூபாயோ அதற்கு மேலோ ஆகக்கூடும். மருந்து, பரிசோதனை, பேருந்துக் கட்டணம், துணைக்கு வந்தவர் இழந்த கூலி ஆகியவற்றுக்கு நடுவே அந்த 1,500 ரூபாய் எங்கிருந்து வரும்? பல வீடுகளில் அது காய்கறியின் அளவிலிருந்தே வருகிறது. அரை கிலோ வாங்கிய இடத்தில் கால் கிலோ வாங்குவார்கள், பழம் நோயாளிக்கு மட்டும் என்றாகும், முட்டை நின்றுபோகும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாதாரணக் காய்கறியை வாங்கும்போதே நம் வீடுகளில் பல அந்த அளவை எட்டுவதில்லை. முத்திரைக்காக அதையும் குறைத்துக்கொள்வது, பெறாத நன்மைக்காகப் பெற்ற நன்மையைக் கைவிடுவதாகும். எனவே ஆர்கானிக் வாங்கலாமா என்பதை முடிவு செய்வதற்கு முன், தட்டில் காயின் அளவு குறையாமல் வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதெனில் எங்கள் பரிந்துரை எளியது: வழக்கமான கடையிலேயே நிறைய வாங்குங்கள், நன்றாகக் கழுவுங்கள்.

முடியும் என்றால், எதற்குக் கொடுக்கும் பணம் பயன் தரும், எதற்குக் கொடுப்பது வீண் என்பதை இனிப் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

'ஆர்கானிக்' என்று கடையிலும், 'அங்கக வேளாண்மை' என்று அரசு ஆவணங்களிலும், 'இயற்கை விவசாயம்' என்று பேச்சிலும் வழங்குவது ஏறத்தாழ ஒன்றே. அது பயிரை விளைவிக்கும் முறையைக் குறிக்கும் சொல். விளைந்த பொருளைச் சோதித்துத் தரும் நற்சான்று அன்று. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இன்றி, தொழுவுரம், மண்புழு உரம், பஞ்சகவ்யம், வேப்பங்கொட்டைக் கரைசல் முதலியவற்றைக் கொண்டு வளர்த்தல் என்பது அதன் பொருள். மூன்றாம் தரப்புச் சான்றளிப்பு முறையில், செயற்கை மருந்து தெளித்த நிலம் ஒன்று உடனே ஆர்கானிக் ஆகிவிடாது. ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் அந்த நிலம் மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும்.

'மருந்தே அடிக்காதது' என்று விற்பனையாளர் சொல்வதும் முழு உண்மை அன்று. தாமிரம், கந்தகம் ஆகியவற்றாலான சில பூஞ்சணக்கொல்லிகள் வரையறையோடு ஆர்கானிக் முறையிலும் அனுமதிக்கப்படுகின்றன. பக்கத்து வயலில் தெளித்த மருந்து காற்றோடும் வாய்க்கால் நீரோடும் வரலாம். மண்ணிலும் நீரிலும் ஏற்கெனவே கலந்துவிட்ட ஈயத்தையோ ஆர்சனிக்கையோ எந்தச் சாகுபடி முறையும் மாயமாக நீக்கிவிடாது. தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளரும் கீரை, பஞ்சகவ்யம் தெளித்ததாயினும், அந்த நீரின் உலோகத்தைச் சுமந்தே வரும்.

ஆர்கானிக் கடையின் ஒரே அலமாரியில் நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய், இந்துப்பு, ஏ2 பால் ஆகியவையும் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் இவை. நாட்டுச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும், இந்துப்பும் உப்பே, மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் கரண்டிக்குக் கரண்டி அதே கலோரிதான். பலரும் அஞ்சும் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தல் என்பதும் வேறொரு சிக்கல். அது எந்தப் பழத்துக்கும் சட்டப்படி தடைசெய்யப்பட்டதாகும். அதிலிருந்து தப்ப, பருவம் வருமுன் சந்தைக்கு வரும் மாம்பழத்தைத் தவிர்ப்பதே போதுமான காவல்.

எச்சம் எவ்வளவு?

மத்திய வேளாண் அமைச்சகம் நாடு முழுவதும் காய்கறி, பழம், அரிசி, மசாலா, பால் முதலியவற்றின் மாதிரிகளைத் திரட்டிப் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதித்து வருகிறது. 2014-15இல் சோதிக்கப்பட்ட 20,618 மாதிரிகளுள் 18.7 விழுக்காட்டில் எச்சம் காணப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவை மீறியவை 2.6 விழுக்காடு. அதாவது ஐந்தில் நான்கு மாதிரிகளில் கண்டறியத்தக்க எச்சமே இல்லை. வரம்பை மீறியது ஏறக்குறைய நாற்பதில் ஒன்று. சந்தைக்கு வரும் எல்லாக் காய்களும் நஞ்சு என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

எனினும் அதே சோதனையில் 12.5 விழுக்காடு மாதிரிகளில், அனுமதி பெறாத மருந்துகளின் தடயம் இருந்தது. கவலைப்பட வேண்டிய இடம் இதுவே. காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்துவது 2005 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் பருத்திக்கென்று வாங்கிய மருந்தை வெண்டைக்கும் தெளிப்பதைத் தடுக்க வரப்புக்கு வரப்பு காவலர் நிற்க முடியாது. மருந்து தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. நெல்லுக்கு அதைக் கடைப்பிடிப்பது எளிது. அறுவடை ஒரே முறைதான். கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், தக்காளி ஆகியவற்றின் நிலை வேறு. ஒரே செடியில் பூவும் பிஞ்சும் காயும் இருக்கும்; இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும்; பறிக்காவிட்டால் முற்றிப் போகும். காய்ப்புழுவோ அந்த இடைவெளிக்குக் காத்திராது. இன்று தெளித்து நாளை மறுநாள் பறிக்கும் நெருக்கடி அங்கேதான் பிறக்கிறது. எந்தக் காய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதற்கு, முத்திரைகளைவிட இந்தப் பறிப்புக் கணக்கு நல்ல வழிகாட்டி.

உச்ச அளவு என்பது விஷத்தின் விளிம்பைக் குறிப்பதாகவும் பலர் எண்ணுகின்றனர். விலங்குகளில் எந்தத் தீங்கும் காட்டாத அளவை எடுத்து, அதைப் பொதுவாக நூறால் வகுத்து, மனிதர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவைக் கணிக்கிறார்கள். மொத்த உணவின் வழியாக அதைத் தாண்டாதவாறே பயிர்களுக்கான வரம்பு வகுக்கப்படுகிறது. எனவே வரம்பை மீறிய ஒரு காயை ஒருநாள் உண்டதால் உடல் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கணக்கின் குறை என்னவென்றால், அது பெரும்பாலும் ஒரு மருந்தைத் தனியாகவே எடைபோடுகிறது. நம் சாம்பாரிலோ ஒரே நாளில் ஐந்தாறு காய்கள் கலக்கின்றன.

சத்தும் புற்றுநோயும்

ஆர்கானிக் காயில் சத்து மிகுதியா என்ற வினாவுக்கு விடை ஏமாற்றம் தரலாம். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 237 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் பொருட்படுத்தத்தக்க மேன்மை இல்லை, பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்ற முடிவுக்கு வந்தனர். 2014இல் வெளியான, 343 கட்டுரைகளை ஆராய்ந்த மற்றொரு தொகுப்பு, ஆர்கானிக் பயிர்களில் சிலவகை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் மிகுதி என்றும் கேட்மியம் குறைவு என்றும் கண்டது. ஆனால் தட்டில் ஒரு பிடி பொரியல் கூடுதலாக வைத்தாலே அத்தகைய மிகுதியைச் சாதாரணக் காயிலிருந்தும் பெற்றுவிடலாம்.

புற்றுநோய் சிகிச்சையில் உள்ளோரின் குடும்பத்தினர் அடிக்கடி சுட்டிக்காட்டுவது 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வை. ஏறத்தாழ 69,000 பேரைச் சில ஆண்டுகள் கவனித்த அந்த ஆய்வில், ஆர்கானிக் உணவை மிகுதியாக உண்டவர்களிடம் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் கல்வியும் வருவாயும் மிகுந்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், காய்கறியும் பழமும் நிறைய உண்பவர்கள். கணக்கியல் முறையில் இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். பிரிட்டனில் 6,20,000க்கும் மேற்பட்ட பெண்களை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, 2014இல் வெளியான ஆய்வை எவரும் அவ்வளவாகச் சுட்டுவதில்லை. அதில் ஆர்கானிக் உண்டோரிடம் மொத்தப் புற்றுநோய் குறையவில்லை. நிணநீர்ப் புற்றுநோயில் ஒருவகை மட்டும் குறைந்து காணப்பட்டது. இரண்டுமே நோய் வருவதைப் பற்றியவை. வந்த நோயை ஆர்கானிக் உணவு குணப்படுத்தும் என்று இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. கீமோதெரபியை நிறுத்திவிட்டு இயற்கை உணவுக்கு மாறலாம் என்று அறிவுரை கூறுவோர் உங்களை நாடி வந்தால், முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

எவருக்கு முன்னுரிமை?

வீட்டில் ஆர்கானிக் பொருள் சிறிதளவே வாங்க முடியுமெனில், அது முதலில் கருவுற்ற பெண்ணுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உரியது. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகம் உண்கிறது. மூளையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைக் கர்ப்பகாலம் முதல் பின்தொடர்ந்த ஆய்வில், தாயின் உடலில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் தடயம் மிகுந்திருந்த குழந்தைகள் ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றது தெரியவந்தது. அங்கே மருந்து உணவு வழியாக மட்டும் வரவில்லை; வயல் சூழலே அதில் மூழ்கியிருந்தது. ஆயினும் கருவிலுள்ள குழந்தைக்கு இயன்றவரை குறைப்போம் என்று எண்ணுவதில் தவறில்லை.

பணம் எதில் பயன்படும்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியிடப்படும் 'அழுக்கான பன்னிரண்டு' பட்டியலைக் கைப்பேசியில் காட்டி, ஸ்ட்ராபெரியை நிறுத்திவிட்டோம் என்று சொல்பவர்களைக் காண்கிறோம். அந்தப் பட்டியலில் வெண்டைக்கும் புதினாவுக்கும் இடமில்லை. நம் பட்டியலை நம் அடுப்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தடித்த தோலை உரித்து எறிந்துவிட்டு உண்பவற்றுக்குக் கூடுதல் விலை தேவையில்லை. வாழைப்பழம், பலா, பப்பாளி, தர்ப்பூசணி, மாதுளை, தேங்காய், வெங்காயம், பூண்டு ஆகியவை இவ்வகை. அரிசியில் உமியும் தவிடும் நீங்குவதோடு எச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. களைந்து வேகவைப்பதில் இன்னும் குறைகிறது. மாதச் செலவில் அரிசி பெரும்பங்கு வகிப்பதால், ஆர்கானிக் பொன்னிக்கு மாறுவதே செலவு மிகுந்த, பயன் குறைந்த மாற்றம். பட்டை தீட்டாத அரிசியும் சிறுதானியமும் அதிகம் உண்ணும் வீடுகளில் இந்தக் கணக்கு சற்று மாறும்.

தோலோடு உண்பவை, மேற்பரப்பு மடிப்பும் பிளவும் நிறைந்தவை, அடிக்கடி பறிக்கப்படுபவை ஆகிய மூன்றுக்கும் கூடுதல் விலையில் பொருள் உண்டு. திராட்சை, கொய்யா, ஆப்பிள், காலிபிளவர், முட்டைக்கோஸ், வெண்டை, கத்தரி, குடைமிளகாய், பச்சை மிளகாய் ஆகியவற்றை இந்த வரிசையில் வைக்கலாம். இவற்றுள்ளும் உங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் சமைப்பது எதுவோ அதற்கே முதலிடம். மாதம் ஒருமுறை வாங்கும் குடைமிளகாயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

கறிவேப்பிலையைத் தனியே சொல்ல வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைத் தொடர்ந்து சோதித்தபோது, கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லித் தழை ஆகியவை எச்சம் மிகுந்தவற்றுள் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. இலை முழுவதும் மேற்பரப்பே என்பதால் தெளித்ததில் பெரும்பங்கு இலையிலேயே தங்குகிறது. கடையில் காய் வாங்கும்போது கொசுறாகத் தரும் அந்தக் கொத்தை நாம் அலட்சியமாக ஒருமுறை அலசித் தாளிப்பில் போடுகிறோம். நல்லவேளையாக, வீட்டில் வளர்க்க மிக எளிதானவையும் இவையே. வெயில் படும் சன்னலோரத்தில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலையும் ஒரு தொட்டிப் புதினாவும் இருந்தால், எந்த முத்திரையும் தராத உறுதி கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் கீமோதெரபி பெறுபவரோ உறுப்பு மாற்று செய்துகொண்டவரோ தொட்டி மண்ணையும் எருவையும் கையாளக் கூடாது. மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் அவர்களுக்கு நுரையீரல் தொற்றைத் தரவல்லவை. செடி வளர்க்கும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும்.

நோயாளியின் தட்டு

ஆர்கானிக் என்ற சொல் நோயாளிகளுக்குத் தரும் மிகப்பெரிய இடர், அது பாதுகாப்பின் மறுபெயர் என்று தோன்றச் செய்வதுதான். 2011ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியின் கொடிய வகையொன்று பரவியது. 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; எண்ணூற்றுக்கும் அதிகமானோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தேடிப் பார்த்தபோது, வடக்கு ஜெர்மனியின் ஆர்கானிக் பண்ணையொன்றில் முளைகட்டிய விதைகளில் போய் அந்தத் தடம் முடிந்தது. ஐயத்துக்குள்ளான விதை, எகிப்திலிருந்து வந்த வெந்தயம். அந்தப் பண்ணை விதி எதையும் மீறியதாகக் கூற முடியாது. முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை. விதை ஆர்கானிக்கா அல்லவா என்பது கிருமிக்குப் பொருட்டன்று.

ஆகவே வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில், எவ்வளவு நம்பிக்கையான தோட்டத்திலிருந்து வந்தாலும், பச்சை முளைப்பயறு, பச்சைக் காய்ச்சாறு, வெளியில் நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத பால் ஆகியவை வேண்டாம். பயறை வேகவைத்துச் சுண்டலாகத் தரலாம். பழங்களில் நன்கு கழுவி வீட்டிலேயே தோலுரிக்கக்கூடியவை நல்லவை. இங்கே வேகவைத்த சாதாரணக் கேரட், பச்சையாகத் தரும் ஆர்கானிக் கேரட்டைவிட எல்லா வகையிலும் மேலானது.

சிறுநீரக நோயாளிகள் கவனிக்க வேண்டியது பொட்டாசியம். இளநீர், வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் அது எந்த முறையில் விளைவித்தாலும் மிகுதிதான். ஆர்கானிக் என்பதால் இளநீர் பரவாயில்லை என்று எண்ணி அருந்திவிட்டு, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறிய நிலையில் வருவோர் உண்டு. பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். நட்சத்திரப் பழம் எனப்படும் ஐந்து விளிம்புப் பழத்தை அவர்கள் அறவே தொடக் கூடாது. அதிலுள்ள இயற்கை நச்சு, பழுதுற்ற சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாமல் மூளையைத் தாக்கும். சுரைக்காய்ச் சாறு அருந்துவோருக்கும் ஒரு சொல்: சாறு கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். கசக்கும் சுரையின் நச்சும் இயற்கையானதே. அதைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர்கள், ஆர்கானிக் கீரை கிடைத்தது என்று திடீரென நாள்தோறும் கீரை உண்ணத் தொடங்கக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும். வாரத்துக்கு இத்தனை முறை என்று ஒரே சீராக உண்பதே அவர்களுக்கு வேண்டியது.

கழுவும் கலை

கூடுதல் விலை கொடுக்க இயலாதவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் உரியது இது. ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே மேற்பரப்பிலுள்ள எச்சத்தையும் மண்ணையும் கிருமியையும் கணிசமாகக் குறைக்கும். நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். நறுக்கியபின் கழுவினால் கத்தி பட்ட இடம் வழியே அழுக்கு உள்ளே போகும், சத்து வெளியே போகும். முட்டைக்கோஸின் வெளி இதழ்கள் இரண்டு மூன்றை அகற்றிவிடுங்கள். காலிபிளவரைப் பூக்களாகப் பிரித்து உப்பு நீரில் ஊறவிட்டுப் பிறகு அலசுங்கள். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் புளி கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசலாம். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, மேற்பரப்பில் இருந்த இருவகை மருந்துகள் நீங்கின. தோலுக்குள் ஊடுருவிய பகுதி மட்டும் நீங்கவில்லை. சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கூடாது. அவை காயில் ஊறி வயிற்றுக்குள் போகும்.

வேரும் தண்டும் உறிஞ்சிக்கொள்ளும் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளைக் கழுவி நீக்க இயலாது. தோலோடு உண்ணும், அடிக்கடி பறிக்கும் காய்களுக்கு ஆர்கானிக் வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

உண்பவரைத் தாண்டி

பூச்சிக்கொல்லியால் உண்மையில் நோயுற்று மருத்துவமனைக்கு வருபவர்கள் காய் உண்டவர்கள் அல்லர், மருந்து தெளித்தவர்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வசதியுள்ளவர்கள் ஆர்கானிக் வாங்குவதற்கு, தம் உடல்நலத்தைவிட வலுவான காரணம் இதில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. நோயாளியின் குடும்பத்தில் எவரேனும் மருந்து தெளிக்கும் வேலைக்குச் செல்பவராயின், காய்கறியை மாற்றுவதைவிட அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வாங்கித் தருவதே முதற்செலவாகட்டும். வீடு திரும்பியதும் அந்த ஆடையைத் தனியே துவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவதற்கு முன் அவர் குளித்துவிட வேண்டும்.

நம்பி வாங்குவது எப்படி?

பொட்டலத்தில் வருவனவற்றில் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் தரநிர்ணய ஆணையம் 2017இல் வகுத்த விதிகளின்படி வருவது அது. அதனுடன் 'இந்தியா ஆர்கானிக்' அல்லது 'பி.ஜி.எஸ்.' முத்திரையும் இருக்கும். முன்னது மூன்றாம் தரப்பு ஆய்வின் வழிப்பட்டது. பின்னது உழவர்கள் குழுவாக ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் முறை. பி.ஜி.எஸ். முத்திரையில் 'கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் மாற்றக் காலத்தில் இருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் சான்று வழங்குகிறது. முத்திரை ஏதுமின்றி 'இயற்கை', 'நாட்டு', 'பாரம்பரிய' என்ற சொற்கள் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அவை விளம்பரச் சொற்களே.

தாம் விளைவித்ததை நேரே விற்கும் சிறு உழவர்களுக்குச் சான்று கட்டாயம் இல்லை. எனவே முத்திரை இல்லாத உழவர் ஏமாற்றுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். உழவர் சந்தையில் விற்பவை எல்லாம் ஆர்கானிக் என்றும் எண்ண வேண்டாம். 1999இல் தொடங்கப்பட்ட அச்சந்தைகளின் நோக்கம் இடைத்தரகரின்றி விற்பது மட்டுமே. அங்கே ஒருவரிடம் தொடர்ந்து வாங்கிப் பழகி, பூச்சி வந்தால் என்ன செய்கிறீர்கள், கடைசியாக எப்போது தெளித்தீர்கள், எந்த மாதத்தில் இந்தக் காய் உங்களிடம் கிடைக்காது என்று கேளுங்கள். தயங்காமல் விவரமாகப் பதில் சொல்பவர் பெரும்பாலும் தம் நிலத்தை அறிந்தவர். ஆண்டு முழுவதும் எல்லாக் காயும் புள்ளியின்றிப் பளபளப்பாக உண்டு என்பவரிடம் சற்று எச்சரிக்கை தேவை.

உணவு ஆலோசனைக்கு வரும்போது, அண்மை இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு, ஒரு வாரம் வீட்டில் வாங்கிய காய்கறி, பழங்களின் பெயரையும் எடையையும் விலையையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்பதையும் அதில் குறித்திருந்தால், எதை மாற்றலாம், எதை மாற்ற வேண்டியதில்லை என்பதை அங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம்.